ஈவ்லின் பூட்டிய ஃபைல்

ஜெர்ரி எழுந்தான். பல் துலக்கினான். பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தான். குடிபாலாவில் பஸ் ஏறி, சித்தூர் மாங்கூழ் ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் வேலைக்கு இறங்கினான். மனைவி ஈவ்லின் இறந்துபோனதிலிருந்து இதேதான். அன்றும் கேட்டருகே இரண்டு லாரி டிரைவர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

"உன் கிளவுடு வந்ததிலேர்ந்து எனக்குச் சட்டையே மிச்சமில்ல சார்" என்றார் விலக்கப் போன டிரைவர் துலுக்காணம், கிழிந்த தோளைக் காட்டி.

பழைய ஏற்பாடு ஓர் எக்செல் ஃபைல். ஈவ்லின் இங்கே வேலை பார்த்தபோது செய்தது. வந்த லாரிகளின் நம்பரை அடித்துப் பட்டனை அழுத்தினால், உள்ளே அவள் எழுதிவைத்த மேக்ரோ ஓடும். திரையில் கால் மணி நேரம் மணற்கடிகாரம் சுற்றும். பிறகு, எந்த லாரி முதலில் பழம் இறக்கலாம் என்று டோக்கன் வரும். எத்தனையோ மாம்பழ சீசன் போயிற்று, ஒரு சண்டை கிடையாது. ஈவ்லின் போனபின்பும் அவள் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி தாமோதரனுக்கு அந்தக் கால் மணி நேரம் பொறுக்கவில்லை. ஜெர்ரி அதையே இன்டர்நெட்டில் ஓடும்படி கிளவுடில் கட்டிக் கொடுத்தான். தொட்டதும் டோக்கன். எல்லாரும் கைதட்டினார்கள். கொடுத்த அன்று மத்தியானமே அடிதடி.

பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தான். இரண்டிலும் லாரிகள் வந்த வரிசைதான், இம்மி பிசகவில்லை. ஆனால் அங்கே அமைதி, இங்கே ரத்தம். உள்ளே என்ன கணக்கை வைத்தாள்?

மேக்ரோவுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தாள். கல்யாண நாளை அடித்தான். சர்ச் பெயரை அடித்தான். கடைசியில், கூச்சத்தோடு, தன் பெயரை. அதுவும் இல்லை. பூட்டை உடைக்கும் வழி நெட்டில் கிடைத்தது, உடைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் இவ்வளவு பெரிய மூளைக்காரி என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பழம் கனிந்த லாரிக்கு முன்னுரிமை என்று திருத்தினான். எல்லா டிரைவரும் தங்கள் பழம் சாயங்காலத்துக்குள் ஜூஸாகிவிடும் என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார்கள்.

டோக்கனைச் செல்போனுக்கு அனுப்பினான். பதிவாகியிருந்ததோ தோப்புக்காரர்களின் நம்பர். பாதிப் பேர் குவைத்தில். ஒவ்வொருவராகத் தாமோதரனைக் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

"ஏமய்யா, கேட்டாண்ட இருந்த சண்டைய வெளிநாடு வரைக்கும் கொண்டும்போய்ட்டியே! சாயங்காலத்துக்குள்ள சரியாவணும். இல்லன்னா நீ வீட்டுக்கு, அந்தப் பழைய கம்ப்யூட்டரு காயலாங்கடைக்கு."

வேலை போனால் பெங்களூரில் வேறு கிடைக்கும். அந்த ஃபைல் கிடைக்காது.

ஜெர்ரி டோக்கன் ஜன்னலுக்குப் போனான். அங்கே உட்காருபவள் மல்லிகா. பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, நம்பர்களை அடித்து, பட்டனை அழுத்தினான். மணற்கடிகாரம் சுற்றியது.

"டேய், ஈவ்லினம்மா மிஷினு ஓடுதுடா!" என்று துலுக்காணம் கத்தினார். சட்டைக் காலரைப் பிடித்திருந்தவன் விட்டான். கூட்டம் டீக்கடைப் பக்கம் கலைந்தது. டோக்கன் வந்ததும் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்கள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாணப் பந்திக்குப் போவதுபோல, சத்தமில்லாமல் உள்ளே போயின.

ஜெர்ரி மல்லிகாவின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இது உள்ள என்னதான் கணக்கு போடுது?"

"கணக்கா? ஒண்ணும் இல்ல சார். சும்மா சுத்தும். அதுக்குள்ள டீ குடிச்சிகினே அவனுங்களே பேசி முடிச்சிக்குவானுங்க. கனிஞ்ச பழத்துக்காரனுக்கு மத்தவன் டோக்கன மாத்திக் குடுத்துடுவான்."

"இத்தன நாளு ஏன் சொல்லல?"

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஈவ்லினம்மாதான் சொல்லாதன்னுச்சு சார். ஆசுபத்திரிக்குக் கெளம்பறப்போ, ஆட்டோல குந்திகினு, அதான் கடைசியா சொல்லிட்டுப் போச்சு."

"என்ன சொன்னா?"

"'அக்கா, அது சும்மாதான் சுத்துதுன்னு எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியவேணாம். சரி பண்ணிடுவாரு.'"