மில்லிமீட்டரின் சொந்த அறை

பல் தேய்த்துக்கொண்டே மில்லிமீட்டர் ஒரு சபதம் எடுத்தார். பின்பக்கத்து அறை இனி அவருடையது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை இல்லாதவன் வீட்டுக்காரனா என்ன?

மில்லிமீட்டர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவர். ஒரு நூல் பிசகினாலும் தூக்கம் வராது. ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்ததும், யாருக்கும் வேண்டாத பெரிய டிராயிங் போர்டை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். பாதி ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது அது. அதை மனைவி தொடவே கூடாது. ஆனால் தினமும் தூசி தட்ட வேண்டும். எப்படி என்று கேட்கக் கூடாது.

ஒரு கொள்கையும் உண்டு. கையெழுத்துப் போட்ட பிளானை எமனே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார்.

அந்தப் பின் அறையில் தையல் மெஷின் போடவேண்டும் என்று மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே சண்டைக்குத் தயாராகத்தான், தன் அறைக்கு வரைந்த பிளானை நீட்டினார். அவளோ சிரித்தாள்.

"அடடே, பிரமாதம்! எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சும்மா கேக்கறேன். வெளிச்சம் வலது பக்கத்துலேர்ந்து வந்தா கை நிழல் பேப்பர்ல விழாதா?"

விழும். சே!

தப்பான பிளான் திரும்பி வந்தால் ஆபீஸில் மேலதிகாரி "போர்டுக்குப் போ" என்பார். விளக்கம் சொல்லாதே, முதல் கோட்டிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம். மில்லிமீட்டர் வாயை மூடிக்கொண்டு போர்டுக்குப் போனார். மேசை இடம் மாறியது.

"மேசைக்குக் கீழேயே ஒரு பிளக் பாயின்ட்?"

"அது எதுக்கும்மா?"

"விளக்கு வயர் தடுக்கி நீங்க விழுந்தா, தூக்கப்போறது யாரு? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

போர்டுக்குப் போனார்.

"அலமாரித் தட்டு அகலமா இருக்கட்டும். பேப்பரை மடிக்காம வைக்கலாம். அப்புறம், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி."

"கண்ணாடியா?"

"சின்ன ரூம் பெரிசாத் தெரியுமே. படிச்சவர் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

படிச்சவர்! கல்யாணமான நாளாய்க் காதில் விழாத வார்த்தை. கண்ணாடி ஏறியது. கையெழுத்தும் விழுந்தது. தச்சர் வந்து, கோடு பிசகாமல் எல்லாவற்றையும் செய்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு முனையை இவரும் மறு முனையை அவளுமாகப் போர்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேசை இருந்தது, அலமாரி இருந்தது, கண்ணாடி இருந்தது. போர்டு வைக்க இடமில்லை. எந்தப் பலகைமேல் குனிந்து அத்தனையையும் வரைந்தாரோ, அந்தப் பலகையை மட்டும் பிளானில் வரைய மறந்திருந்தார்.

"அலமாரியைக் கழட்டிடலாமா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஐயோ, கையெழுத்துப் போட்டாச்சே! உங்க கொள்கை என்னாகறது? விடுங்க. போர்டு இல்லாம நீங்க இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ரூம் சும்மா கிடப்பானேன்? நானே மெஷினை வெச்சுக்கறேன்."

வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. இடப்பக்கம் வெளிச்சம். காலடியில் பிளக். துணி அடுக்க அகலத் தட்டு. போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி. இத்தனை பாந்தமாக ஒரு தையல் அறையை எந்த இன்ஜினீயரும் வரைந்திருக்க முடியாது.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

மில்லிமீட்டர் பெருமூச்சோடு, பழையபடி ஹாலுக்கே வந்துவிட்ட போர்டுக்குத் திரும்பினார். அதன்மேல் அந்த அறைக்கான திரைத்துணி நீளமாக விரிந்து கிடந்தது. பறக்காமலிருக்க அவருடைய ஸ்கேல்தான் மேலே.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "அளந்து வெச்சிருக்கேன், தொட்டுடாதீங்க!"