நாற்பதாவது வரி

கணினி நிரல் எழுதுகிறவனுக்குத் தான் எழுதியதே அடுத்த மாதம் அந்நியன் எழுதியதுபோலத் தெரியும். அதனால்தான் குறிப்பு எழுதி வைக்கிறோம். அப்படி நான் எழுதிய ஒரு குறிப்பு, என் கல்யாண நாளில் என்னையே மௌத்தாக்கியது, அதாவது சாகடித்தது.

கல்முனையில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்கு, எல்லா வீடுகளுக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து வெளியேறிய புதிது. சம்பளம் கிடையாது, பெருமை மட்டும் தாராளம். ஜனாஸா என்கிற மரண அறிவித்தல், நிக்காஹ் என்கிற கல்யாண அறிவித்தல் இரண்டின் வாசகங்களும் தனிக் கோப்பில் இருந்தன. நிரலில் ‘செய்தி 1’, ‘செய்தி 2’ என்று மட்டும் இருக்கும். அதற்கு எதிரே ஆளின் பெயரை அடித்து ஓடவிட வேண்டும். (பெயர் கேட்க ஒரு பெட்டி வைத்திருக்கலாமே என்கிறீர்கள். ஓம், வைத்திருக்கலாம்.)

பள்ளிவாசல் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் அன்வர் காக்கா; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அவருக்காக ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி வைத்தேன்: ஜனாஸா, 25ஆம் வரி. நிக்காஹ், 40ஆம் வரி. அந்த எண்ணை அழுத்தினால் நிரலின் அதே வரி திறந்துகொள்ளும். காக்கா மெச்சியதில் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நிரலைத் திறந்து பார்த்தேன். உச்சியில் என் பெயர் இல்லாதது பெருங்குறையாகப் பட்டது. பெயர், பட்டம், ஊர், பெற்றோருக்கு நன்றி, கைவைப்பவர்களுக்கு எச்சரிக்கை என்று சரியாகப் பதினைந்து வரிகள் சேர்த்தேன். கணினி அவற்றைப் படிப்பதேயில்லை. ஆனால் கீழே இருந்ததெல்லாம் பதினைந்து வரி இறங்கியது. 25இல் இருந்த ஜனாஸா 40இல் வந்து உட்கார்ந்தது. குறிப்பை நான் திருத்தவில்லை.

கல்யாணத்தன்று காலை சலூனில் முகம் நிறைய நுரையோடு இருந்தபோது காக்கா அழைத்தார். நிக்காஹ் செய்தி போட வேண்டும், நாற்பதுதானே என்று கேட்டார்.

“ஓம் காக்கா. கண்ணை மூடிட்டு அமத்துங்க,” என்றேன்.

அப்படியே செய்திருக்கிறார். சவரம் செய்துகொண்டிருந்தவரின் கைபேசி ஒலித்தது. படித்தார். என்னைப் பார்த்தார். கத்தியை மெல்லக் கீழே வைத்தார். என் பெயர், வாப்பாவின் பெயர், முன்னால் மரணச் செய்திக்கே உரிய ‘இன்னாலில்லாஹி’, கடைசியில் ‘நல்லடக்க நேரம் பின்னர் அறிவிக்கப்படும்’.

யாரோ அதை வரிப்பத்தான்சேனைக்கும் அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் பெண் வீடு. பந்தல் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்த பெண்ணின் வாப்பா, என் மாமா, நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாராம். சமையல்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அதுவரை என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசியிராத மணப்பெண் ரிஸ்னா, தானாகவே அழைத்தாள்.

“நீங்க மௌத்தாம். மெய்தானா?”

“இல்ல. வரியில பிழை.”



“என்ன வரி? கட்டல்லியா?”

விளக்கம் சொல்ல நேரமில்லை. பாதி தாடியோடு பள்ளிவாசலுக்கு ஓடினேன். வழியில் என் மையித்தை, அதாவது என் பிணத்தை, பார்க்கப் போய்க்கொண்டிருந்த மூன்று பேர் எதிர்ப்பட்டார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தார், பாசத்தைவிடப் பரிசோதனைதான் அதிகம். வீட்டில் உம்மாவுக்கு நான் உயிரோடிருப்பது தெரியும். இருந்தும் வந்தவர்கள் அழுததைப் பார்த்துத் தானும் அழுதிருக்கிறார்.

அந்தப் பதினைந்து வரிகளையும் அழித்தேன். என் மரணத்துக்கு முக்கால் மணி நேரத்தின் பின் என் நிக்காஹ் செய்தி ஊருக்குப் போனது. மாலையில் நிக்காஹ் நடந்தது. என் கையைப் பிடித்த மாமா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பார்த்தார். சூடு இருப்பது தெரிந்ததும் திருப்தியடைந்தார்.

இப்போதெல்லாம் குறிப்பில் வரி எண் எழுதுவதில்லை. நிரலில் அந்தந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்து, குறிப்பில் அந்தப் பெயரை எழுதுகிறேன். மேலே எதைச் சேர்த்தாலும், தேடினால் அந்த இடம் அகப்படும். அன்வர் காக்காவுக்கு அதிலும் நம்பிக்கையில்லை. ஜனாஸா செய்தி போடுமுன் எனக்கு அழைத்து, நான் எடுத்தால்தான் அனுப்புகிறார்.

வீட்டில் இன்றைக்கும் என் குரல் சற்று உயர்ந்தால், ரிஸ்னா தலையை நிமிர்த்தாமல் மகளிடம் சொல்வாள்:

“மௌத்தான மனிசன் இவ்வளவு கதைக்கப்படாது எண்டு வாப்பாக்குச் செல்லு.”