எட்டு அவுன்ஸ் ஷாண்டி

எதையும் சரியாக எழுத வேண்டும் என்ற ஆசை ஒரு மனிதனைக் கெடுத்துவிடும். குடி கெடுப்பதற்காவது சில வருஷங்கள் ஆகும். இந்த ஆசை என்னை ஒரே பிற்பகலில், மூன்று மணிக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில், போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் டைரி எழுதுகிறவன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுவேன். தலைவலி வந்தால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று எழுதுவேன். (பெரும்பாலும் வலப்பக்கம்.) ஐம்பதுகளின் தொடக்கத்தில், இருபத்தாறு வயதில், ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியின் குடோன் குமாஸ்தாவாக இருந்தேன். என்னைக் கண்டதும் அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மே மாதம் எனக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. பெண்ணின் பெயர் ஜெயமணி. கல்மண்டபத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த அருமைநாயகத்தின் ஒரே மகள். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் சர்ச்சின் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். எனக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை, என்னைவிட இரண்டு மடங்கு சம்பளக்காரர், பெண் பார்க்க வந்து வணக்கம் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். அருமைநாயகம் எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லையாம். என்னைப் பற்றி விசாரித்தபோது, "அந்தப் பையன் சோடா குடித்தால்கூட டைரியில் எழுதுவான்" என்று யாரோ சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஜெயமணியை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாம் தடவை அவள் சிரித்தாள். (சுமார் நான்கு வினாடி.) அந்த நான்கு வினாடிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். ஆனால் பொய்க் கையெழுத்து போடத் தயாராக இல்லை. வினை அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை ஒரு சரக்கு வந்து இறங்கியது. மதுவிலக்கு முழு அமலில் இருந்த காலம். பர்மிட் வைத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இந்த மாதிரிச் சரக்கு வரும். ஷாண்டி என்று அதற்குப் பெயர். பீரில் பாதிக்குப் பாதி பழரசம் கலந்து வெயில் காலத்தில் குடிப்பது. தலைமுறை தலைமுறையாகப் பீர் காய்ச்சுகிற ஆலையின் சரக்கு என்று லேபிளே சொன்னது. ஆலையை ஆரம்பித்த தாடிக்காரரின் படம், அவருக்குக் கீழே எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்கள். கிரேன் பழுதாகி ஏழு பெட்டிகள் மட்டும் காலையிலிருந்து வெயிலில் கிடந்துவிட்டன.

அப்படிக் கிடந்த சரக்குக்கு சர்வே எழுத வேண்டும். பெட்டி உடைந்ததா, மூடி கசிந்ததா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தால், தின்கிற குடிக்கிற பொருளுக்குக் கடைசிக் கட்டம் 'சுவை'. அதை நிரப்பும் சர்வே துரை அந்த வாரம் ஊட்டியில் இருந்தார். மானேஜர் போனில், "சுவை நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். இதற்கெல்லாமா என்னைக் கூப்பிடுவது?" என்றார்.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, 'நேரில் சோதித்து அறிந்தபடி' என்று அச்சடித்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா நைனா, பேய் அறஞ்சா மாதிரி நிக்கிறே?" என்றார் குடோன் மேஸ்திரி காதர் பாய்.

"குடித்துப் பார்க்காமல் சுவை நன்று என்று எப்படி எழுதுவது பாய்?"

"பேனாவாலதான். வேற எப்டி எழுதுவாங்கோ?"

"பொய்யாகிவிடுமே."

"நீ குட்ச்சின்னா கேஸாயிடும். எது பேஜாரு, நீயே சொல்லு. நம்ம மேல பாரம் போடாத. நான் தொட மாட்டேன், நம்ம மார்க்கத்துல கெடையாது."

நான் யோசித்தேன். குற்றம் செய்தால் ஒப்புக்கொண்டு தண்டனை பெறலாம். பொய்யாக எழுதினால் அது எழுத்தில் நின்றுவிடும். (இருபத்தாறு வயதில் இது எனக்குப் பெரிய தத்துவமாகப் பட்டது. இப்போது யோசித்தால் காதர் பாய் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.) முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸை எடுத்து வந்தேன். பெட்டிக்கு ஒரு புட்டி, புட்டிக்கு ஒரு அவுன்ஸ்.

காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவுக் கொண்டியில் வைத்து ஒவ்வொரு மூடியாகத் தட்டித் திறந்தார். "வாய்ல வச்சிட்டுத் துப்பிடு, முழுங்காத" என்றார்.

"துப்பினால் கடைசிச் சுவை தெரியாது பாய்."

"முழுங்கினா மாமனாரு தெரிய மாட்டாரு."

முதல் அவுன்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். மூக்கில் காற்று ஏறியது. பிறகு எலுமிச்சை, அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல், நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. வெளியே தார் உருகுகிற வெயில். மூன்றாவதிலிருந்து கண்ணை மூடவில்லை. ஐந்தாவது பெட்டியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறுபடியும் ஒரு அவுன்ஸ் பார்த்தேன். எழுதியும் வைத்தேன்: "ஐந்து: இருமுறை." ஏழு பெட்டிக்கும் 'சுவை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறெந்த ஷாண்டியையும் நான் வாழ்நாளில் குடித்ததில்லை என்பது அப்போது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

உடனே டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு போதைக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "3.50: கை நடுக்கம் இல்லை. 4.05: கிரேன் அசைவது போல் தெரிகிறது." (கிரேன் அசையத்தான் செய்தது. பழுது பார்த்துவிட்டார்கள்.) "4.15: மிகுந்த சந்தோஷம், காரணம் தெரியவில்லை. 4.20: மிகுந்த துக்கம், காரணம் ஜெயமணி." அந்தச் சரக்கில் எட்டு அவுன்ஸுக்கு ஒரு பூனைகூடத் தள்ளாடாது என்று பல வருஷம் கழித்து ஒரு கப்பல் சமையல்காரர் சொன்னார். எனக்கு அன்று அது தெரியாது. குடித்தவன் தள்ளாடுவான் என்று சங்கத்துத் துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தேன், ஆகவே தள்ளாடினேன்.

தள்ளாடியபடியே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். காதர் பாய் வழி நெடுக என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்களுக்கு அவர்தான் என்னைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார் என்று பட்டிருக்கும்.

ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா வோணும்?"

"சரணடைய வந்திருக்கிறேன். குடித்திருக்கிறேன். எட்டு அவுன்ஸ். ஏழு கடமைக்கு, ஒன்று ஆசைக்கு."

அவர் விசிறியைக் கீழே வைத்தார். "வாயை ஊது."

ஊதினேன்.

"எலுமிச்சம்பழ வாசனதான் வருது. முட்டாய் துன்னுட்டு வந்து வெள்ளாட்றியா? சரி, அந்தச் செவுரு வரைக்கும் நேரா நட."

சொன்னால் சொன்னபடி செய்கிறவன் அல்லவா? தள்ளாட்டத்தை மறந்துவிட்டு, குதிகாலோடு கால்விரல் ஒட்ட, தரையிலிருந்த ஒரு கீறலைப் பிசகாமல் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் திரும்பினேன்.

"பாய், டூட்டிக்கி வர்றப்போ நான்கூட இவ்ளோ நேரா நட்ந்ததில்ல" என்றார் அவர். "இட்டுகினு போ இந்தாள."

நான் போகவில்லை. சட்டப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். அவருக்கும் தலை வலித்திருக்க வேண்டும். "தெர்ஞ்ச பெரிய மன்சன் யாருனா இருந்தா பேரச் சொல்லு. வந்து இட்டுகினு போவட்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்தவர்களில் மிகவும் கௌரவமானவர் யார் என்று நேர்மையாக யோசித்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அதை முகவரியோடு சொன்னேன். காதர் பாய் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அருமைநாயகம் கால் மணி நேரத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த குடை, சட்டையில் சங்கத்தின் நீல ரிப்பன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நிச்சயதார்த்தம் முடிந்தது என்று நினைத்தேன். டைரியில் நேரம் குறிக்க வேண்டும் என்றும் தோன்றியது. 5.15.

"என்ன குடிச்சிய தம்பி?"

"ஷாண்டி."

"எப்படி இருந்துது?"

கேள்வி கேட்டால் பதில் சொல்வேன். "முதலில் காற்று, பிறகு எலுமிச்சை, பிறகு ஆரஞ்சுத் தோல், நாக்கு ஓரத்தில் புளிப்பு."

"கடைசில லேசா ஒரு கசப்பு வரல?"

"வரவில்லை."

"ஏழு பெட்டிலயுமா?"

"ஏழிலும். ஐந்தாவதை இரண்டு தடவை பார்த்தேன்."

"அப்ப அது வெயில்ல கெட்டுப்போன சரக்குல்லா. புளிப்பு நிக்கக் கூடாது. கசப்புதான் நிக்கணும். கொழும்புல நாங்க பனிக்கட்டி போட்டுக் குடிக்கும்போது..."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஹெட் கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார். காதர் பாய் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். நான் மட்டும் அருமைநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது சங்கத்துல சேருததுக்கு முந்தி" என்றார், யாரும் கேட்காமலே.

"நானு இன்னாத்தக் கேட்டேன் சார்?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

வெளியே வந்ததும் காதர் பாய், சர்வே தாளைத் திருத்த வேண்டும் என்ற சாக்கில் குடோன் பக்கம் வேகமாகப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் கல்மண்டபம் வரை நடந்தோம். அவர் கடை வாசலில் நின்றார்.

"தம்பி, இன்னைக்கு நடந்தத டைரில எழுதுவியளோ?"

"எழுதுவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாவற்றையும்."

"நான் கேட்டதையுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சட்டைப் பையிலிருந்த டைரியைத் தொட்டுக்கொண்டு, "அதையும்தான்" என்றேன்.

அவர் குடையைத் தரையில் இரண்டு தடவை ஊன்றினார். தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அந்த டைரி நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கதுதான் நல்லது. ஞாயித்துக்கிழமை நேரத்தோட வந்துருங்க, மாப்பிள" என்றார்.

கல்யாணமான முதல் வருஷமே ஜெயமணி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். அன்று சிரித்த சிரிப்புக்கு என்னால் வினாடி கணக்கு எழுத முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழம்பு, காப்பி, பாயசம் எதைப் பற்றியும் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் செல்லுபடியாவதில்லை. "உங்க கையெழுத்து மட்டும் போதாது, அப்பாவும் சொல்லணும்" என்பாள். பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோடையில் தாத்தா வரும்போதெல்லாம் ஒரு தம்ளர் எலுமிச்சை ஜூஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, "கடைசில கசப்பு வருதா தாத்தா?" என்று கேட்பார்கள். சங்கத்துத் தலைவர் பதவியை இன்னும் விடாத என் மாமனார், அதெல்லாம் எனக்கு என்ன தெரியும் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பனிக்கட்டி போதாது" என்பார்.