பத்து நாள் கொடைக்கானல் சொந்தக்காரிகள்

பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று ஊரார் மனுக்களை நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. "செல்வி கண்ணுல ஒரு புள்ளி தப்பாது" என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அப்பேர்ப்பட்ட நான், பதினாறு பக்க ஒப்பந்தம் ஒன்றில் ஒரு வரிகூடப் படிக்காமல் பதினாறு கையெழுத்துப் போட்டவள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (பேனா வழவழவென்று எழுதியது. வேறு காரணம் இல்லை.)

சில வருடங்களுக்கு முன் இரண்டு குடும்பமாகக் கொடைக்கானல் போயிருந்தோம். நாங்கள் ஒன்று, என் கணவரின் அக்கா ராஜாத்தி மதினி குடும்பம் இன்னொன்று. மதினி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கமிஷன் கடை நடத்துகிறவர். அவர் ஏலம் கூறினால் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் நிற்கும் லாரி டிரைவர் முழித்துக்கொள்வார்.

ஆண்கள் பிள்ளைகளோடு படகில் போய்விட்டார்கள். பைகளுக்குக் காவலாக நாங்கள் இருவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் வந்து ஆளுக்கொரு சுரண்டல் சீட்டுக் கொடுத்தாள். சுரண்டினோம். எனக்கு முதல் பரிசு. மதினிக்கும் முதல் பரிசு!

"ஒரே குடும்பத்துல ரெண்டு முதல் பரிசு. யோகம் புள்ள!" என்றார் மதினி.

ஒரு ஊரில் எப்படி இரண்டு முதல் பரிசு இருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கடைத்தெரு போகிறோம் என்று ஆண்களுக்கு போனில் சொல்லிவிட்டுப் பைகளோடு கிளம்பினோம். பரிசு வாங்க அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் காரில் கூட்டிப்போனார்கள். டை கட்டிய ஒருவர் இஞ்சி டீ கொடுத்து, எங்களை 'மேடம்' என்று நாற்பது தடவை கூப்பிட்டார். வருடத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருடத்துக்கு, கொடைக்கானலில் எங்களுக்கென்று ஒரு வீடு. முன்பணம் கொஞ்சம், மீதி மாதத் தவணையில் கடன். கடன் இருவர் பேரிலும் கூட்டாக. மதினி அரை மணி நேரம் பேரம் பேசி முன்பணத்தில் கொஞ்சம் குறைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் எதிரே தெரிவது அந்த மலைதான். வேண்டுமென்கிறபோது பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். அதற்கு எதற்கு இருபத்தைந்து வருட ஒப்பந்தம் என்ற கேள்வி அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தீபாவளியன்று சொல்லி அசத்துவதாகத் திட்டம். பரிசாகக் கிடைத்த தட்டு செட்டைப் போர்வைக்குள் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தோம்.

ஐந்தாம் நாள் போன் செய்து மே மாதத்துக்கு அறை கேட்டேன். மே மாதம் கிடையாதாம். நவம்பர் மழையில் உண்டாம். வருடா வருடம் பராமரிப்புத் தொகை தனியாம். மதினியிடம் சொன்னேன்.

"நீதானத்தா படிச்சவ? படிச்சுப் பாக்க வேணாமா?"

"நீங்கதான மதினி பேரம் பேசுனீங்க?"

அன்றோடு பேச்சு நின்றது.

ஒன்பதாம் நாள் என் கடைக்குப் பூக்காரம்மா ஒருவர் கடன் பாரத்தோடு வந்தார். "பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, அத வாசிக்கணுமா?" என்று கேட்டார். "அதத்தாம்மா மொதல்ல வாசிக்கணும்" என்று கம்பீரமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எங்கள் பதினாறு பக்கம் ஞாபகம் வந்தது. அவரை அனுப்பிவிட்டு எங்கள் ஒப்பந்தத்தை எடுத்தேன். பதினான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது: பத்து நாட்களுக்குள் கையெழுத்திட்ட இருவரும் அசல் ஒப்பந்தத்துடன் நேரில் வந்து எழுதிக் கேட்டால் உறுப்பினர் சேர்க்கையும் கடனும் சேர்ந்தே ரத்து.

மானத்தை விட்டு மதினிக்கு போன் போட்டு, பதினான்காம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"நாளைக்குத்தான் கடைசி நாளா? மார்க்கெட் சோலிய முடிச்சுட்டு வெரசா வந்துர்றேன். நீ பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்று வைத்துவிட்டார்.

பதினோரு மணி பஸ்ஸில் ஏறினோம். வீட்டில் நான் சொன்னது, மதினிக்குத் துணையாக ஆஸ்பத்திரி. மதினி தன் வீட்டில் சொன்னது, எனக்குத் துணையாக ஆஸ்பத்திரி. ஒரே சீட்டில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளவில்லை. பாதி மலையில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் போனது. பஸ் மறுபடி கிளம்பியபோது டிரைவர் விட்ட நேரத்தையெல்லாம் வளைவுகளில் பிடித்தார்.

எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. ஏழாவது வளைவில் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வாயருகே வைத்தேன். அது ஒப்பந்தம் இருந்த உறை.

மதினி திட்டவில்லை. நாசமான என் துப்பட்டாவைச் சுருட்டித் தன் பையில் வைத்தார். காகிதங்களை உருவி, தன் முந்தானையால் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்து, ஜன்னல் காற்றில் விசிறிபோல் பிடித்துக்கொண்டு வந்தார். "பதினாலாம் பக்கம் நல்லாத்தான் கெடக்கு" என்று மட்டும் சொன்னார். (எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும்.)

டாக்ஸி பிடித்து ரிசார்ட் போய்ச் சேர்ந்தபோது நாலே கால். ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். அதே டை ஆள் அதே சிரிப்போடு வந்தார். ஒப்பந்தத்தை நீட்டினேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு பேனா மூடியால் பக்கத்தைப் புரட்டினார்.

"கேன்சல்லாம் எதுக்கு மேடம்? மே மாசமே தர்றோம். டபுள் பெட்ரூம். சின்ன அப்கிரேடுதான்" என்றார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் பால்கனியைக் கற்பனை செய்துவிட்டேன். மதினி என் கையைக் கிள்ளினார்.

அடுத்ததாக டை ஆள் என்னை மட்டும் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரையும் ரிலீஸ் பண்றது கஷ்டம் மேடம். உங்களை மட்டும் இன்னைக்கே ரிலீஸ் பண்ணிடலாம். கடனை அவங்க முழுசா ஏத்துப்பாங்க. அவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம். இதுல ஒரு சைன்" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

பேனாவைக் கையில் வாங்கினேன். மாதத் தவணை, வீட்டுக்காரர் முகம், என் கடையின் நல்ல பெயர் எல்லாம் கண்முன் வந்தன. 'செ' என்று எழுதியும் விட்டேன்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே மதினி தெரிந்தார். நான் பஸ்ஸில் பாழாக்கிய துப்பட்டாவை எங்கேயோ அலசிவிட்டு வந்து, அந்தக் குளிரில் இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்ததை உதறி, வரவேற்பறை சோபாவின் முதுகில் காயப்போட்டார்.

பேனாவை வைத்துவிட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தோம். சேர்ந்துதான் போவோம்" என்றேன்.

அடுத்து மதினியை உள்ளே கூப்பிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கதவைப் படாரென்று திறந்துகொண்டு மதினி வெளியே வந்தார். டை ஆள் பின்னாலேயே வந்து, "மேனேஜர் வெளிய போயிருக்காங்க. நாளைக்கு வாங்களேன்" என்றார். அப்போது நாலு ஐம்பது.

பக்கத்துக் கூடத்தில் அன்றைய முதல் பரிசுக்காரர்கள் ஏழெட்டு ஜோடிகள் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மதினி வாசலில் போய் நின்று, முருங்கைக்காய் ஏலக் குரலை எடுத்தார்.

"ஏங்க! எல்லாருக்கும் முதல் பரிசா? எங்களுக்கும் அதான் விழுந்துச்சு! உள்ள வர்றதுக்கு கார் விட்டாங்க. வெளிய போறதுக்கு மேனேஜரக் காணோம்! கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பதினாலாம் பக்கத்த வாசிச்சுக்கங்க!"

ஒரு பெண் டீக் கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். அவள் கணவர் காகிதத்தைப் புரட்டி, "பதினாலு எங்க இருக்கு?" என்று சத்தமாகவே கேட்டார்.

வெளியே போயிருந்த மேனேஜர் பக்கத்து அறையிலிருந்து வந்தார்.

அதற்கப்புறம் நடந்தது என் வேலை. தாசில்தார் ஆபீஸில் வருடக்கணக்காகப் பழகிய வேலை. மனு இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து, முத்திரை, தேதி, மணி. 'கடனும் சேர்ந்தே ரத்து, இருவரும் விடுவிக்கப்பட்டனர்' என்று மேனேஜர் கைப்பட எழுதும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதி வாங்கினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். மதினி எதிரே உட்கார்ந்து, "மெதுவா வாசி. அவசரமில்ல" என்று மேனேஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை.

"மதினி, என்னைய மட்டும் விடுறேன்னு அந்தாளு சொன்னப்ப, நான் 'செ' வரைக்கும் எழுதிட்டேன்" என்று அழுதேன்.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ 'செ'தான போட்ட? எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு மட்டுந்தான். அதுல 'ராஜா' வரைக்கும் போயிட்டேன் புள்ள. 'த்தி' போடத்தான் மனசு வரல."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. கண்டக்டர் எங்களுக்கு வாந்தி வருகிறதோ என்று உறை கொண்டுவந்து கொடுத்தார்.

பெருமாள்மலை தாண்டியதும் என் கணவரிடமிருந்து போன். ஒப்பந்தத்தில் இரண்டாவது நம்பர் என்று அவருடைய நம்பரைக் கொடுத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரத்துச் செய்தி நேராக அவருக்குப் போயிருக்கிறது.

"ஆஸ்பத்திரியில கூட்டமா?" என்றார். "இல்ல, நமக்குக் கொடைக்கானல்ல ரிசார்ட்டு இருந்துச்சாமே? இன்னைக்கு அஞ்சு மணியோட இல்லையாமே?"

முன்பணம் இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. மதினி வாரம் ஒருநாள் என் கடைக்கு வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். இப்போது லாரி ரசீதை அவரே வாசித்துவிடுகிறார். என் கணவர் மட்டும் மாறவில்லை. போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "சொத்துபத்து ஏதும்...?" என்று இழுத்தபோது, மனிதர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"கொடைக்கானல்ல ஒரு பங்களா இருந்துச்சுங்க. பத்து நாள்தான். நான் போயிப் பாக்குறதுக்குள்ள எங்கக்காளும் பொண்டாட்டியும் சேந்து கைகழுவிட்டாங்க."