மாமனார் இரண்டு முறை செத்த நாடகம்

ஒருவரை ஒரு தடவைக்கு மேல் கொல்ல முடியாது என்பது பொதுவான நம்பிக்கை. தென்காசியில் ஒரு மாலையில் நான் அதைப் பொய்யாக்கினேன். அதுவும் என் வருங்கால மாமனாரை வைத்து.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மன்றத்து நாடகத்தை எழுதியவன் நான் (எழுத்தாளன் என்ற நினைப்பு வேறு). மேலகரம் பரமசிவம் அண்ணாச்சி மகளை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள்; அவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். காக்கா பிடிக்க, அவருக்கே அப்பா வேடம் கொடுத்தேன்.

நாடகத்துக்கு இரண்டு பிரதிகள். ஒன்று என்னிடம், ஒன்று இயக்குநர் சண்முகம் சாரிடம். அவர் திருத்தியவற்றில் எனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி என் பிரதியில் ஏற்றுவேன்.

"எடுத்ததுக்கு நேரா ஒரு டிக் போட்டு வையிலே," என்றார்.

"எல்லாம் மண்டைல இருக்கு சார்."

இதற்கிடையில் என் பிரதியின் முன்பகுதியில் சொந்தமாக ஒரு நகைச்சுவைக் காட்சியைச் செருகியிருந்தேன். ஆக, அவருடைய மூன்றாம் காட்சி எனக்கு நான்காம் காட்சி. அதில் அவர் புதிதாக எழுதிய அப்பாவின் மாரடைப்பை முதலில் சரியாக நான்கில் ஏற்றினேன். அடுத்த வாரம் அவர் பிரதியில் 'மூன்றாம் காட்சி' என்று போட்டிருந்த அதே பக்கத்தைப் பார்த்து, 'அடடா, இதை விட்டுவிட்டோமே' என்று மூன்றின் நடுவிலும் ஏற்றினேன்.

முழு ஒத்திகை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குற்றால சீசனில் யார் வருவார்? எல்லார் வீட்டிலும் அருவிக்கு வந்த விருந்தாளிகள், எண்ணெய்க் கிண்ணத்தோடு. அண்ணாச்சி வசனத்தைத் தொடவே இல்லை. "நீ மறைவுல நின்னு எடுத்துக் குடு, நான் சொல்லுதேன்."

கொடுத்தேன். மூன்றாம் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அருமையாகச் செத்தார். முன்வரிசையில் அவர் வீட்டம்மாவே அழுதார்கள். அடுத்த வசனமும் அவருக்குத்தான் இருந்தது. பழக்கதோஷம், எடுத்துக் கொடுத்துவிட்டேன்: "மாப்பிள்ளைக்குக் காபி கொண்டா."

பிணம் தலையைத் தூக்கியது. "ஏலே, நான் செத்துட்டேம்லா?"

(மைக் நல்ல மைக்.)

வேறு வழியில்லாமல் எழுந்து காபி கேட்டார். நான்காம் காட்சியில் மறுபடி நெஞ்சைப் பிடித்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, இப்பமாவது ஒழுங்கா சாவும்!" கொட்டகை கைதட்டி அதிர்ந்தது.

சம்பந்தம் போச்சு என்று மேக்கப் அறைக்குள் ஒடுங்கி நின்றேன். அண்ணாச்சி பவுடரைத் துடைத்துக்கொண்டே சண்முகம் சாரிடம் சொன்னார்: "இத்தன வருசமா கடைல உக்காருதேன், ஒருத்தன் கைதட்டுனானா? பயலுக்குப் பொண்ணு குடுக்கேன். ஆனா, தாலி கட்டுனதும் யாராவது டிக் போட்டுருங்க. மறந்து மறுபடி கட்டிருவான்."

இன்றும் நான் சாம்பார் வைத்தால், அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து அவர் மகள் கேட்கிறாள்:

"உப்பு போட்டாச்சா? இல்ல, எங்கப்பாவச் சாகடிச்ச மாதிரி ரெண்டு தடவையா?"