பழைய சோற்றுக்கு ஒரு கம்பளி

முதலில் வெங்காயத்தை எடுப்பார். சின்ன வெங்காயம், அதிலும் தோல் உரிக்காதது. அதைப் பலகையின் ஓரத்தில் வைத்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே அடி. கத்தி கூடாது, கத்தி பட்டால் ருசி போய்விடும். நசுங்கிய வெங்காயத்தின் தோலை நீக்கி, உப்பில் ஒரு புரட்டுப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவரைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி. பிறகு மண்சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நீராகாரத்தில் ஒரு வாய். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் வீடே மூச்சு விடாமல் நிற்க வேண்டும். மெல்லக் கண் திறக்கும்.

"இதுக்கு மேல மனுசனுக்கு என்னதான்யா வேணும்?"

பதில் வேண்டாத கேள்வி என்று எண்ணி நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. "ஒண்ணும் வேணாம்" என்று யாராவது சொல்லும்வரை அவர் அடுத்த வாய் எடுக்க மாட்டார்.

வாசகரே, இவர்தான் ஒன்றும் வேண்டாதவர். இந்த இனத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சித்திரை பிறந்தால் கொடைக்கானலுக்குப் பல தினுசான மனிதர்கள் ஏறி வருகிறார்கள். தொப்பி வைத்த துரைமார்கள், டோலியில் வரும் ஜமீன் வீட்டுக்காரர்கள், குளிரைக் கண்டதும் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்ளும் மதுரை வக்கீல்கள். இவர்களுக்கெல்லாம் எத்தனையோ வேண்டும். கோழி வேண்டும், குதிரை வேண்டும், குளிக்க அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். கேட்டதைக் கொடுத்தால் தீர்ந்தது. சாப்பிடுவார்கள், ஏப்பம் விடுவார்கள், இறங்கிப் போவார்கள். ஆனால் ஒன்றும் வேண்டாதவருக்கு எதைக் கொடுத்துத் தீர்ப்பது?

எங்கள் வீட்டுக்கு வருஷம் தவறாமல் வாய்த்தவர் ஒலியுல்லா ராவுத்தர். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். கொடைக்கானல் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஜாபர் அலிக்கு மச்சான். அதாவது என் மதினி மரியம் பீவிக்கு உடன்பிறந்த அண்ணன். கீழே வெயில் ஏறியதும் இவர் மேலே ஏறிவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கி, துருக்கித் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டே, வாசலிலேயே அறிக்கை விடுவார்:

"எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம் மரியம். பிரியாணி, குருமான்னு ஒரு சோலியும் வச்சுக்காதே. காலையில ரெண்டு கை பழைய சோறு, ஒரு வெங்காயம், ஒரு மிளகா. அது போதும் எனக்கு."

பழைய சோறு. உலகத்தில் இதைவிடச் சுலபமான சமையல் உண்டா? மிஞ்சிய சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். திண்டுக்கல்லில் அப்படி. கொடைக்கானலில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கினால், விடிந்ததும் அதே சோறு அதே தண்ணீரில், ஊற்றினபோது இருந்ததைவிட வெள்ளையாக, விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புளிக்காது. இந்த மலைக் குளிரில் மனிதனுக்கே கோபம் வர நேரம் பிடிக்கிறது. சோறு எப்படிப் புளிக்கும்?

ஆகவே மதினி அந்தப் பானையை வளர்த்தார். ஆம், வளர்த்தார் என்பதுதான் சரி. கடையில் விற்பனைக்கு வந்த கம்பளிகளில் நல்லதாக ஒன்றைப் பிரித்து அதற்குப் போர்த்தினார். கணப்புச் சட்டியின் அருகில் வைத்தார். மிக அருகில் வைத்தால் ஊசிப்போகும். சற்றுத் தள்ளினால் பச்சைத் தண்ணீராகவே நிற்கும். நடுநடுவே எழுந்து வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் பானையைத் தொட்டுப் பார்த்து, கங்குகளைக் கிளறிவிட்டுப் போவார்.

"பெத்த புள்ளையக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளக்க மாட்டாக தம்பி" என்றார் என்னிடம். "அதாச்சும் பெரிசானா சம்பாதிச்சுப் போடும்."

புளித்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? மலைக் காற்றில் சில்லிட்டிருக்கும் நீர் ராவுத்தருக்குப் பல் கூசும். அவருக்கு வேண்டியது குளிர்ச்சி, குளிர் அல்ல. எனவே குளிர்ச்சியான சோற்றைக் கொஞ்சம் சூடு காட்டி, மறுபடியும் குளிர்ச்சியாக்க வேண்டும். வெங்காயம் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸின் தலைமேல் வரும். தேங்காய் வத்தலக்குண்டிலிருந்து வரும். ஏனென்றால் ஒரு துவையல் இருந்தால் இன்னும் எளிமையாக இருக்கும் என்பது அவர் கட்சி. துவையலுக்குப் பூண்டு கவுஞ்சிப் பூண்டு; அதுவும் கடையில் கிடக்கும் மூட்டைப் பூண்டு ஆகாது, கவுஞ்சிக் கிராமத்திலிருந்து பூண்டுக்காரி வீரம்மாள் தலையில் சுமந்து வரும் புதுப் பூண்டு. மூன்று ஊரிலிருந்து வந்து சேர்ந்த எளிமையைத் தட்டில் பார்த்து ராவுத்தர் உருகுவார்:

"பாத்தியா தம்பி? ஏழைக்கும் இதுதான், எனக்கும் இதுதான்."

ஒரு நாள் அவருக்கு வாய் ஓயவில்லை. கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் கையிலிருந்து வசன கவிதைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "எதுகை இல்ல, மோனை இல்ல. ரொம்ப எளிமையா இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் எனக்குக் கவிதையே பிடிக்கவில்லை.

புளிப்பு ஒரு பிடி குறைந்துவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்களா? கோபிப்பவன் சாதாரண மனிதன். ஒன்றும் வேண்டாதவரிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் இருக்கிறது. ஒரு வாய் குடிப்பார், சட்டியைக் கீழே வைப்பார், சுவரைப் பார்த்து மெல்லச் சொல்வார்: "பரவாயில்லை."

அந்த ஒரு சொல்லுக்கு மதினி அன்று முழுவதும் சாப்பிட மாட்டார்.

இப்படி எளிமையாக வயிற்றை நிரப்பிக்கொண்டு ராவுத்தர் ஊரைப் பார்க்கக் கிளம்புவார். ஏரியைச் சுற்றி ஒரு நடை. கடைத்தெருவில் ஒரு பன் ("காத்து வாங்குறப்ப கையில எதாச்சும் இருக்கணும்ல?"). பிளம்ஸ் பழம் கொஞ்சம். துரைமார் பந்து அடிப்பதை வேலிக்கு வெளியே நின்று ஒரு பார்வை. சாயங்காலம் பாண்டு வாத்தியம். எதிர்ப்படும் திண்டுக்கல்காரர்களை நிறுத்தி, "நாம எல்லாம் நாக்குக்கு அடிமையாயிட்டோம்" என்று ஓர் உபந்நியாசம். கொடைக்கானலின் கோடைக்காலத்தை அவரைப்போல அனுபவித்தவர் கிடையாது.

கொடைக்கானலிலேயே வாழும் மரியம் பீவிக்கு அந்தக் கோடைக்காலம் எப்படி இருக்கும்? கணப்புச் சட்டியின் நிறத்தில் இருக்கும்.

ஒரு வருஷம் மதினி ஒன்றே ஒன்று கேட்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஏரியைக் கடைத்தெருச் சரிவிலிருந்து பார்த்திருக்கிறாரே தவிர, அதன்மேல் போனதில்லை. ஒரு தடவை படகில் போக வேண்டும். அவ்வளவுதான். மழை இறங்கிவிட்டால் படகுகளைக் கொட்டகையில் கவிழ்த்துவிடுவார்கள். சீசனிலோ கரை முழுவதும் ஜனம், வெளியாருக்கு முகம் காட்டாத கோஷா வீட்டுப் பெண் எப்படிப் போவது? படகுத்துறைக் காவலாள் பொன்னுச்சாமி எங்கள் கடை வாடிக்கை. அவன் ஒரு வழி சொன்னான்.

"வெள்ளனே கூட்டிட்டு வாங்க மொதலாளி. பனி விலகுறதுக்குள்ள வெரசா ஒரு சுத்து சுத்திக் காட்டிப்புடுறேன். தொரமாரு எந்திரிச்சுட்டா நம்மால ஆகாது. நாளைக்கழிச்சுப் படகுக்குச் சாயம் பூச எடுத்துருவாக, அதுக்கு முந்தி வந்துருங்க."

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து அண்ணன் வந்தார். மதினி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். முகம் தெரியவில்லை, ஆனால் துப்பட்டிக்கே அன்று ஒரு சிரிப்பு இருந்தது. பானை, உப்பு, வெங்காயம், துவையல் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பரிமாற நான் இருக்கிறேன். காலில் செருப்பை மாட்டப் போகும்போது பள்ளிவாசலிலிருந்து திரும்பிய ராவுத்தர், "எங்க கெளம்பிட்டீக?" என்று கேட்டுக்கொண்டே பானையைத் திறந்து ஒரு விரல் விட்டு நாக்கில் வைத்தார்.

முந்தின இரவு பனி கொஞ்சம் அதிகம். சோறு புளிக்கவில்லை.

"புளிக்கலையாண்ணே?" என்றார் மதினி.

"அதனால என்னம்மா? நீ போயிட்டு வா."

"கொஞ்சம் மோர் கலந்து தரச் சொல்றேன் தம்பிய."

"எதுக்கு? தம்பி படிக்கிற புள்ள, அவனுக்கு எதுக்குச் செரமம்? நான் வெறுந்தண்ணியக் குடிச்சுக்கிறேன். எனக்கு என்ன வேணும் பெருசா? போ, நீ சந்தோசமா போயிட்டு வா."

"விடு மரியம், மச்சான்தான் போகச் சொல்றாகள்ல" என்றார் அண்ணன். ஆண்களுக்கு இந்தப் பாஷை புரியாது. சந்தோஷமாகப் போ என்று அந்தக் குரலில் சொல்லிவிட்டால் உலகத்தில் எந்தத் தங்கை போக முடியும்? மதினி செருப்பை ஓரமாகத் தள்ளினார். பிறகு துப்பட்டியைக் கழற்றி மடித்து ஆணியில் போட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனார்.

சட்டியை வெந்நீரில் இறக்கி, மோர் கூட்டி, பதம் பார்த்து, அவர் கண் மூடி, கண் திறந்து, "ஒண்ணும் வேணாம்ணே" என்று மதினி சொல்லி முடிப்பதற்குள் சூரியன் மரங்களுக்கு மேல் வந்துவிட்டது. ஏரிக்கரையில் தொப்பிகள் நடமாடத் தொடங்கிவிட்டன.

கை கழுவிக்கொண்டு ராவுத்தர் நடைக்குக் கிளம்பினார். வழக்கத்தைவிட நேரம் கழித்துத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"மரியம்! இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? படகுத்துறையில ஒருத்தன், பொன்னுச்சாமியோ என்னவோ, 'ஜாபர் அலி மொதலாளி வீட்டு ஆளுகளுக்காகத்தான் படகைப் புடிச்சு வச்சிருக்கேன், தொரமாரு வந்து கேக்குறதுக்குள்ள ஏறுங்க'ன்னான். ஏறுனேன். ஆகா! ஒரு படகு, ஒரு துடுப்பு, மேல வானம். இதுக்கு மேல மனுசனுக்கு என்ன வேணும்? நீயும் ஒரு நாளைக்குப் போகணும்மா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கியே."

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போறேண்ணே. போறப்ப இந்தப் பானையையும் ஏத்திக்கிட்டுப் போறேன். நடு ஏரியில புளிக்குதான்னு பாத்துருவோம்."

ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கைக்கு எப்போதும் வேடிக்கைப் பேச்சு என்று அண்ணனிடம் சொன்னார்.

அடுத்த சித்திரையில் ராவுத்தர் வந்து இறங்கினார். அவர் இறங்கிய பஸ்ஸில், அவர் இறங்கிய இடத்திலேயே, துப்பட்டி போர்த்திய மதினி ஒரு பெட்டியோடு ஏறி உட்கார்ந்தார்.

"எங்கம்மா?"

"திண்டுக்கல்லுக்கு. உங்க வீட்டுல ஆமினா மதினியப் பாத்து நாளாச்சுல்ல."

"இந்த வெயில்லயா? உனக்கென்ன கிறுக்கா? கல்லே உருகுது அங்க!"

"மனுசனுக்கு என்னண்ணே வேணும்? ஒரு விசிறி இருந்தாப் போதும்."

"அப்ப என் சோறு?"

வாசகரே, இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அன்றுதான்.

"பானை அடுப்பங்கரையில கெடக்கு. கம்பளி பரணுல கெடக்கு. தண்ணி ஏரி நெறையக் கெடக்கு. வரட்டாண்ணே?"

பஸ் புறப்பட்டுவிட்டது.

முதல் நாள் காலையில் அண்ணன் வைத்த பானையைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, ராவுத்தர் சுவரைப் பார்த்து "பரவாயில்லை" என்றார். "பரவாயில்லையா? அப்ப நல்லது மச்சான்" என்று அண்ணன் கடை திறக்கப் போய்விட்டார். அந்த வார முடிவில் கடைத்தெரு ஓட்டல் ஒன்றில், முழங்கைவரை சால்னா வழிய, ஆட்டுக்கால் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த ராவுத்தரை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "வெறும் ரொட்டிதான் தம்பி" என்றார். "ரொட்டியவிட எளிமை என்ன இருக்கு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று இரவு, "எனக்கு ஒண்ணும் வேணாம், ஒரு ரசமும் சுட்ட அப்பளமும் போதும்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டீர்களே, அந்த ஒரு ரசத்துக்கு எழுந்து போனது யார்? அவர் எழுந்து போகும்போது எதைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்? ஞாபகம் இல்லையா? பரவாயில்லை.

மதினி சீசன் முடிந்து, வெயிலில் கறுத்து, ஒரு சுற்றுப் பருத்துத் திரும்பி வந்தார். அந்தக் கொதிக்கிற ஊரில் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டதற்கு, "சும்மா இருந்தேன்" என்றார். தன் அண்ணன் ராவுத்தரோடு மனத்தாங்கல், அதைக் காட்டத்தான் வெயிலில் போய் வெந்தார் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கல்யாணத்தில் ராவுத்தரின் மனைவி ஆமினாவைப் பார்த்தபோது, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "அங்கயும் மச்சானுக்குப் பழைய சோறுதானாக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

ஆமினா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பழைய சோறா? வீட்டுல அந்த வாடை அடிச்சாலே பொங்கி எந்திரிப்பாக. மூணு வேளையும் கறி வேணும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அந்தப் பழைய சோத்து ஆசைய மூட்டிவிட்டதே நான்தான் தம்பி. 'உங்க ஒடம்புச் சூட்டுக்கு மலையில போய்த் தங்கச்சி கையால நீராகாரம் குடிங்க'ன்னு வருசாவருசம் பஸ் ஏத்திவிடுறேன். அவுக அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் கூண்டு வண்டி பூட்டச் சொல்லிருவேன். கடையில ஆப்பம், கடையில இடியாப்பம், நன்னாரி சர்பத்து, சாயந்தரம் ஆனா டாக்கீசு. ரெண்டு மாசமும் எங்க அடுப்புல பூனைதான் படுத்துத் தூங்கும்."

சற்று அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விசயத்தை மரியத்துக்குச் சொல்லியனுப்பி, 'நீயும் வந்துரு'ன்னு கூப்பிட்டது நான்தான். அந்த வருசம் அடுப்புல பூனை குட்டியே போட்டிருச்சு."