பர்மாத் தேக்கு, ஒரு தரம்!

"இந்த ஜேசுபாதம் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்டு மரத்து மேல ஒரு சொட்டு பெயிண்ட் விழாது!"

போன வருஷம் நாசரேத்தில், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று இப்படி முழங்கினேன். கேட்டது ரெண்டே பேர். ஒன்று என் மனைவி ஜெயபாய். இன்னொன்று பல்லி. பல்லி மட்டும் உச்சுக் கொட்டியது.

எங்கள் வீட்டு மரம் சாதாரண மரமா? அத்தனையும் தாத்தா வாங்கிய பர்மாத் தேக்கு. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் நாசரேத் வந்தது. கதவு, கட்டில், மேஜை, படிக்கட்டு, எல்லாம் கறுப்பு. அதில் ராஜா யாரென்றால் அலமாரிதான். எட்டடி உயரம், நாலு கதவு. வருஷா வருஷம் நான் வார்னிஷ் போட்டுப் போட்டு, காக்கா பார்த்தால் கூச்சப்படும் அளவுக்கு வைத்திருந்தேன்.

ஜெயபாய்க்கு இந்தப் பெருமை ஏறவே ஏறாது.

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லைட்டப் போட்டு அரிசி பொறுக்குதேன். ஊர்ல எவளாவது இப்படி இருக்காளா?"

"ஏளா, அது இருட்டு இல்ல. கம்பீரம்!"

"நேத்து உங்க கம்பீரத்துல முட்டித்தான் பக்கத்து வீட்டு பிளாரன்ஸக்காவுக்கு நெத்தி வீங்கிட்டு. அந்த அலமாரிக்கு மட்டும் வெள்ளை அடிச்சிருவோம். கூடமே தெளிஞ்சிரும். இப்பம் எல்லா வீட்லயும் அப்படித்தான் அடிக்காவ."

"நீ காசு கொடுத்து வாங்குனதா? உன் கையால காசு கொடுத்து வாங்கு. அப்புறம் வெள்ளை அடி, பச்சை அடி, ஏன்னு கேக்க மாட்டேன்!"

"நெசமாவா?"

"ஜேசுபாதம் சொன்னா சொன்னதுதான்!"

அவள் தலையாட்டிவிட்டு அரிசி பொறுக்கப் போனாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக இதே தப்பைத்தான் செய்துவருகிறேன்.

அடுத்து எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் காணிக்கையாகக் கொடுக்கிற வாழைத்தார், சேவல், சேனைக்கிழங்கு எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். இருபது வருஷமாக ஏலம் விடுவது நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து கிடைக்காத மரியாதை எனக்கு அந்த மேடையில் கிடைக்கும். ஒற்றைத் தேங்காயை ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளிவிட்ட குரல் சார் இது!

காணிக்கைப் பொருள் கேட்டு போதகர் கிருபாநிதி வீட்டுக்கு வந்தார். ஜெயபாய் காப்பியைக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஐயா, இவிய குரல் கிழங்குக்கும் கோழிக்கும்தான் எடுபடும். பெரிய சாமான்னா பாச்சா பலிக்காது. இந்தா, இந்த அலமாரியை மேடைல வச்சா ஒரு ஆள் கேப்பானா?"

"எவன் கேக்க மாட்டான்?" துள்ளி எழுந்தேன். "ஐயா, தூக்கிட்டுப் போங்க! வித்துக் காட்டுதேன்!"

போதகர் அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திர ஜெபம் பண்ணிவிட்டார். ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்க முடியுமா? 'ஆமென்' சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்குப் புரிந்தது.

ஐயோ, தாத்தா அலமாரி! ஆனால் கணக்கு வாத்தியார் சும்மா விடுவானா? ஏலம் விடுகிறவன் ஏலம் கேட்கக் கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். ஆகவே என் மச்சினன் ஜோன்ஸைக் கூப்பிட்டு, இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்தேன்.

"ஏலே ஜோன்ஸ், மேடைல நான் அலமாரியைக் கண்டமேனிக்கு மட்டம் தட்டுவேன். ஒருத்தனும் கேக்க மாட்டான். நீ ஐந்நூறுன்னு சொல்லு, உடனே முடிச்சிருதேன். எவனாவது கூடக் கேட்டான்னா மீதியை வச்சுச் சமாளி. ஒங்க அக்காவுக்கு மூச்சு விடக்கூடாது!"

"சரி அத்தான்."

கோயிலுக்குக் குறைகிற தொகையை ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போட்டுவிடுவதாக ஆண்டவரிடமும் பேசி முடித்தேன். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

பண்டிகை அன்று சேவலும் பூசணிக்காயும் பறந்தன. பிறகு அலமாரியை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"சபையாரே, உள்ளதைச் சொல்லுதேன். இது அலமாரி இல்ல, அமாவாசை! இது நிக்கிற வீட்ல பட்டப்பகல்லயே கொசு கடிக்கும். இந்தக் கறுப்பக் கட்டிக்கிட்டு அழுதவன் மடையன்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் கேட்டால் என் வாய் நிற்காது.

"வெள்ளை பெயிண்ட் அடிச்சாத்தான் இது உருப்படும்! அடிச்சுப் பாருங்க, கூடமே பளிச்சுனு ஆயிரும்!"

"ஐந்நூறு!" என்றான் ஜோன்ஸ்.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்! பர்மாத் தேக்கை ஐந்நூறு ரூபாய்க்கு இறக்கிய குரல் உலகத்தில் வேறு எவனுக்கு உண்டு? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

கீழே ஜெயபாய் நின்றிருந்தாள். கையில் ரசீது. 'திருமதி ஜெயபாய், அலமாரி ஒன்று.' பக்கத்தில் ஜோன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவுக்குத் தெரியாமல் அவன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காசு கொடுத்து வாங்கிட்டேன். இனி பெயிண்ட் அடிக்கலாம்லா?"

"ஏளா, அது என் காசு!"

"என் கையால கொடுக்கணும்னுதான சொன்னீங்க? என் கையாலதான் கொடுத்தேன்."

"அதுக்காக வெள்ளையா? எவன் சொன்னான்?"

"நீங்கதான் மைக்குல சொன்னீங்க. சபை பூரா சாட்சி."

பக்கத்தில் நின்ற போதகர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். கடைசியாக ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதைப் பிடித்தேன்.

"சரி, பாக்கி ஆயிரத்தைந்நூறு எங்க?"

"ஐந்நூறுல முடிச்சுத் தருவீங்கன்னு உங்க குரல் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை." ஜெயபாய் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ரெண்டு டப்பா வெள்ளை பெயிண்ட். "பிரஷ்ஷும் ரெண்டு வாங்கியிருக்கேன். பெருசு உங்களுக்கு."